ஓடிஏ முடிந்தபின் திரும்பி வராத கருவிகள்: ஈஎஸ்பி 8266, ஈஎஸ்பி32 ஃபர்ம்வேரின் அடுத்த வெளியீட்டை எப்படிக் கொண்டுபோவது?

கேள்வி: கம்பியில்லாக்கிளி

திறந்த மூல ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் நிரல்) ஒன்றைப் பராமரிக்கும் குழுவிலிருந்து கேட்கிறேன். ஈஎஸ்பி 8266, ஈஎஸ்பி32 என்ற வைஃபை சிப்களில் ஓடுகிறது, புதிய பதிப்புகள் ஓடிஏவாக, அதாவது கம்பியில்லாமல் வைஃபை வழியே, போகின்றன. ஒரே மூலநிரலிலிருந்து மூன்று பின் (bin) கோப்புகள், அதாவது கருவியில் எழுதத் தயாரான தொகுத்த நிரல்கள், போகின்றன. முதலாவது 1 எம்பி ஃப்ளாஷ் உள்ள ஈஎஸ்பி 8266 ரிலேக்கும் எல்இடி டிம்மருக்கும் பொதுவானது. இரண்டாவது அதே சிப்பில் ஓடும் மின் அளவி. மூன்றாவது 4 எம்பி ஃப்ளாஷ் உள்ள ஈஎஸ்பி32 சென்சார். இதுவரை 8266க்கு ஆர்டுயினோ கோர் (சிப்புக்கான அடிப்படை நிரல் தொகுப்பு) 2.7.4, ஈஎஸ்பி32க்கு கோர் 2.0 வரிசை. புதிய வெளியீட்டில் 3.1.2க்கும் 3.0 வரிசைக்கும் போனோம். சோதனை வெளியீட்டிலேயே ஐந்து சிக்கல்கள்:

ரிலே கருவிகளில் சில, ஓடிஏ வெற்றி என்று சொல்லி ரீபூட் ஆனபின் வைஃபைக்குத் திரும்பவில்லை. சீரியலில் பார்த்தால் கிராஷ் இல்லை, நிரல் ஓடுகிறது, வைஃபைக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது.

டிம்மர்கள் 50 சதவீதம் வைத்தாலும் முழு வெளிச்சத்தில் எரிகின்றன.

மின் அளவியின் பின் கோப்பு 486 கேபியிலிருந்து 538 கேபி ஆகிவிட்டது. கருவி ‘இடம் போதவில்லை’ என்று மறுக்கிறது. கோப்பு முறைமைக்கு 64 கேபி ஒதுக்கிய லேஅவுட்.

ஈஎஸ்பி32 பின் கோப்பு 13,42,208 பைட். ஓடிஏ ஸ்லாட் (ஒரு நிரலுக்கு ஃப்ளாஷில் ஒதுக்கிய இடம்) 13,10,720 பைட்தான்.

வெளியீடு ஏறிய சில கருவிகளில் அமைப்புகள் எல்லாம் ஃபேக்டரி நிலைக்குப் போய்விட்டன. அமைப்புகளை ஒரு ஸ்ட்ரக்டாக (புலங்களை அடுத்தடுத்து வைத்த ஒரே நினைவகத் துண்டு) அப்படியே எழுதுகிறோம், தலைப்பில் பதிப்பு எண் உண்டு. எண் பொருந்தாவிட்டால் இயல்பு மதிப்புகள்.

பெரும்பாலான கருவிகள் சுவருக்குள்ளோ கூரைக்கு மேலோ இருப்பவை, சீரியல் கம்பி போட முடியாது. வெளியீட்டை நிறுத்தி வைத்திருக்கிறோம். எதை முதலில் சரிசெய்வது? ஈஎஸ்பி32இன் பார்ட்டிஷன் அட்டவணையை (ஃப்ளாஷில் எது எங்கே என்ற பட்டியல்) ஓடிஏ வழியாகவே மாற்றி எழுதிவிடலாமா?

பதில் 1: அலைவரிசை

முதல் இரண்டுக்கும் காரணம் 8266 கோர் 3.0.0இல் மாறிய இயல்புகள்.

கோர் 2 வரிசையில் சிப் எழுந்ததுமே எஸ்டிகே (சிப் தயாரிப்பாளரின் நிரல் தொகுப்பு) தானாக ரேடியோவை இயக்கி, ஃப்ளாஷில் சேமித்து வைத்த எஸ்எஸ்ஐடிக்கு (வைஃபை பெயர்) இணையும். நிரல் ‘வைஃபை.பிகின்’ கூப்பிடாவிட்டாலும் இணைப்பு வந்துவிடும். 3.0.0இலிருந்து பூட்டில் வைஃபை அணைந்தே இருக்கும், ‘பெர்சிஸ்டன்ட்’ (வைஃபை விவரத்தை ஃப்ளாஷில் சேமிப்பது) இயல்பும் பொய்யாக மாறிவிட்டது. உங்கள் நிரலில் ‘எஸ்எஸ்ஐடி ஏற்கெனவே இருக்கிறது, இணையும்வரை காத்திரு’ என்று ஒரு கிளை இருக்க வேண்டும். அந்தக் கிளையில் விழுந்த கருவிகள்தான் திரும்பவில்லை. முதல்முறை பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ‘பிகின்’ போகும் கிளையில் இருந்தவை திரும்பியிருக்கும். ‘சில கருவிகள் மட்டும்’ என்பதன் விளக்கம் இதுதான்.

உடனடித் தீர்வு, ‘எனேபிள்-வைஃபை-அட்-பூட்-டைம்’ என்ற சார்பை நிரலில் ஓரிடத்தில் அழைப்பது. பழைய நடத்தை திரும்பிவிடும். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். இந்த வெளியீட்டிலேயே எஸ்டிகே சேமித்து வைத்த எஸ்எஸ்ஐடியையும் கடவுச்சொல்லையும் ஒருமுறை படித்து உங்கள் சொந்த அமைப்புப் பதிவில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வெளியீட்டிலிருந்து எஸ்டிகேயின் சேமிப்பை நம்ப வேண்டியதில்லை.

டிம்மர்: வெளிச்ச அளவை எழுதும் ‘அனலாக்ரைட்’டின் முழு அளவு 1023ஆக இருந்தது, 3.0.0இல் 255 ஆனது. 50 சதவீதத்துக்கு நீங்கள் எழுதும் 512, 255ஐத் தாண்டுவதால் முழு வெளிச்சம். தொடக்கத்திலேயே ‘அனலாக்ரைட்-ரேஞ்ச்’ 1023 என்று வெளிப்படையாக வைத்துவிடுங்கள். ஈஎஸ்பி32 பக்கமும் பாருங்கள்: கோர் 3.0இல் ‘எல்இடிசி-செட்டப்’, ‘எல்இடிசி-அட்டாச்-பின்’ இரண்டும் போய் ‘எல்இடிசி-அட்டாச்’ வந்துவிட்டது, ‘எல்இடிசி-ரைட்’ இப்போது சேனல் எண்ணை அல்ல, பின் (pin, சிப்பின் கால்) எண்ணை எதிர்பார்க்கிறது. பழைய செட்டப் சார்புகள் தொகுக்கும்போதே பிழை தரும், பிடித்துவிடலாம். ‘எல்இடிசி-ரைட்’டுக்குச் சேனல் எண் கொடுத்த வரி மட்டும் பிழையின்றித் தொகுக்கப்பட்டு, தவறான இடத்துக்கு எழுதும். ஒவ்வொரு அழைப்பையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

பொதுவாக ஒன்று. கோரின் முதன்மை எண் மாறும் வெளியீட்டில் வேறு எந்தப் புதிய வசதியையும் சேர்க்காதீர்கள். கோர் மட்டும் மாறிய வெளியீடு ஒன்று, வசதிகள் அடுத்தது. இரண்டும் கலந்தால் பிழை எங்கிருந்து வந்தது என்று பிரித்தறியவே பாதி நேரம் போகும்.

பதில் 2: செக்டர்4096

மின் அளவியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

1 எம்பி என்பது 1024 கேபி. கடைசி 5 செக்டர்கள், ஒவ்வொன்றும் 4 கேபி, ஈஈப்ரோமுக்கும் (அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) எஸ்டிகேக்கும் போகின்றன. மீதி 1004. கோப்பு முறைமை 64 போனால் 940. ஓடும் நிரல் அடியிலிருந்து 486, செக்டர் கணக்கில் 488. புதியது கோப்பு முறைமைக்குக் கீழே, மேலிருந்து அடுக்கப்படும். 940இல் 488 போக மீதி 452. 538 நுழையாது. 8266இல் இரண்டு ஸ்லாட் என்று எதுவும் இல்லை. இறங்கிய கோப்பை ரீசெட்டுக்குப் பின் ஈபூட் என்ற சின்ன பூட்லோடர் பழைய நிரலின் மேலேயே நகலெடுக்கிறது.

கோர் 2.7.0இலிருந்து ஈபூட், ஜிஜிப் முறையில் சுருக்கிய கோப்பை விரித்து எழுதும். இப்படிப்பட்ட நிரல் ஜிஜிப்பில் கால்பங்குக்கு மேல் சுருங்கும். 538 கேபி 390 பக்கம் வரும் என்று வைத்துக்கொண்டால், 488ஐயும் 392ஐயும் கூட்டி 880. 940க்குள் வந்துவிட்டது. உங்கள் கருவிகள் 2.7.4இல் இருப்பதால் அவற்றின் ஈபூட்டுக்கு இது தெரியும். அதற்கும் முந்தைய கோரில் கட்டியவை எங்காவது இருந்தால், அவற்றுக்கு முதலில் 2.7.4இல் கட்டிய, சுருக்காத, சிறிய இடைப்பதிப்பு ஒன்றை அனுப்ப வேண்டும். நேரடியாக ஜிஜிப் அனுப்பினால் பழைய நிரலின் புதுப்பிக்கும் பகுதிக்கு அந்த வடிவம் தெரியாது, கோப்பை மறுத்துவிடும்.

அதற்கடுத்த வெளியீடுகள் இன்னும் வளரும். இப்போதே ‘மினிமல்’ பதிப்பு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்: வைஃபை, ஓடிஏ, அமைப்பைப் படிப்பது மட்டும், சென்சார் கிடையாது, வலைப்பக்கம் கிடையாது. முதலில் மினிமல், பிறகு முழுப்பதிப்பு. டாஸ்மோட்டா என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் 1 எம்பி கருவிகளுக்கு இதைத்தான் செய்கிறது. ஒரு நிபந்தனை: மினிமல் பதிப்பு அமைப்புப் பதிவை எழுதவே கூடாது. படிக்க மட்டும்.

பலர் கவனிக்காத ஓர் ஆபத்து இருக்கிறது. கோப்பு இறங்கும்போது மின்சாரம் போனால் ஒன்றும் ஆகாது, பழைய நிரல் அப்படியே இருக்கும். ரீசெட்டுக்குப் பின் ஈபூட் நகலெடுக்கும் அந்தச் சில நொடிகளில் போனால்தான் சிக்கல். நகலெடுக்கச் சொல்லும் கட்டளை ஆர்டிசி நினைவகத்தில் (ரீசெட்டில் அழியாத சிறு நினைவகம்) இருக்கிறது, மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். பாதி பழையது, பாதி புதியது என்று நிரல் நிற்கும். இதை மென்பொருளால் முழுவதும் தடுக்க முடியாது. ஆகவே 8266க்கு அடிக்கடி வெளியிடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தம், உண்மையான பிழைத்திருத்தம், இரண்டுக்கு மட்டும் போதும்.

8266இல் ரோல்பேக் (பழைய நிரலுக்குத் தானாகப் பின்வாங்குவது) இல்லாததால் பூட் எண்ணி ஒன்றை நீங்களே வைக்க வேண்டும். ஆர்டிசி பயனர் நினைவகம் 512 பைட், 4 பைட் கட்டங்களாக. முதல் 32 கட்டங்களை ஓடிஏ பயன்படுத்துகிறது, ஆகவே உங்கள் எண்ணி 32ஆம் கட்டத்துக்கு மேல் இருக்கட்டும். கூடவே ஒரு மேஜிக் எண்ணும் (பதிவு உண்மையானது என்று காட்டும் நிலையான எண்) வேண்டும், மின்சாரம் வந்தவுடன் அங்கே குப்பைதான் இருக்கும். பூட் ஆனதும் கூட்டு, 60 நொடி ஓடியபின் சுழியாக்கு. 5 தொட்டால் சேஃப் மோட்: வைஃபையும் ஓடிஏவும் மட்டும். இந்தச் சோதனை ‘செட்டப்’பின் முதல் வரியில் இருந்தால்கூடத் தாமதம்தான். குளோபல் ஆப்ஜெக்ட்களின் கன்ஸ்ட்ரக்டர்கள் அதற்கு முன்பே ஓடிவிடும். அவற்றில் சென்சாரைத் தொடும் குறியீடு இருந்தால் வெளியே எடுத்து ‘செட்டப்’புக்குள் கொண்டுவாருங்கள்.

சோதனை மேசையில் இன்னொரு குழப்பம் வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். சீரியல் வழியாக ஃப்ளாஷ் செய்துவிட்டு, மின்சாரத்தை எடுத்துப் போடாமல் நேரே ஓடிஏ சோதித்தால், ரீபூட்டில் தொங்கி நிற்கும். சீரியலை 74880 பாடில் (baud, வேகம்) பார்த்தால் ‘பூட் மோட் (1,7)’ என்று இருக்கும். ஜிபிஐஓ 0 பின் (pin) கீழ் மின்நிலையில் இருந்தபோது பிடித்த நிலையைச் சிப் விடாமல் வைத்திருப்பதுதான் காரணம். ஃபர்ம்வேரில் பிழை இல்லை. ரீசெட் பின்னை ஒருமுறை தொட்டுவிட்டு சோதியுங்கள். சரியான பூட்டில் முதல் எண் 3.

பதில் 3: இரட்டைஸ்லாட்

ஈஎஸ்பி32இன் பார்ட்டிஷன் அட்டவணையைக் களத்தில் மாற்றாதீர்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

அட்டவணை ஹெக்ஸ் 8000 முகவரியில் ஒரே செக்டரில் இருக்கிறது. ஃப்ளாஷில் அழித்துவிட்டுத்தான் எழுத முடியும். 4 கேபி செக்டரை அழிக்க வழக்கமாக 45 மில்லிநொடி, சிப்பைப் பொறுத்து 400 வரை. அந்த நேரத்தில் மின்சாரம் துண்டானால் பூட்லோடருக்கு ஸ்லாட் எங்கே என்றே தெரியாது. ஒரு கருவிக்கு வாய்ப்பு சிறிது. ஆயிரம் கருவிகளுக்குச் செய்தால் யாரோ ஒருவர் கூரையேற வேண்டிவரும். அதோடு, ஸ்லாட்டின் எல்லை மாறும்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரலும் கோப்பு முறைமையும் புதிய எல்லைக்குள் இல்லாமல் போகலாம்.

31,488 பைட்தான் மிகை. குறைத்துவிடலாம். முதலில் மேப் கோப்பை (நிரலில் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற பட்டியல்) பாருங்கள், ஊகிக்க வேண்டாம். வழக்கமாக அகப்படுபவை இவை: சுருக்காமல் நிரலுக்குள் வைத்த வலைப்பக்கங்கள் (ஜிஜிப் செய்து வைத்து, தலைப்பில் ‘கன்டென்ட்-என்கோடிங்’ சொன்னால் பிரௌசரே விரித்துக்கொள்ளும்), எங்கோ ஒரு கோப்பில் ‘ஐஓஸ்ட்ரீம்’ சேர்த்திருப்பது, அது மட்டுமே சுமார் 200 கேபி இழுத்து வரும், முழு சான்றிதழ் மூட்டை, உங்களுக்கு வேண்டியது இரண்டு மூன்று ரூட்கள் (மூலச் சான்றிதழ்கள்) தான், புளூடூத் பயன்படுத்தினால் புளூட்ராய்டுக்குப் பதில் நிம்பிள், கோர் டீபக் நிலை ‘வெர்போஸ்’இல் விடப்பட்டிருப்பது. மெனுகான்ஃபிக்கில் ‘அசெர்ட்களை ஊமையாக்கு’ போன்றவை ஆர்டுயினோவில் நேராக வேலை செய்யாது. அதன் லைப்ரரிகள் முன்பே தொகுக்கப்பட்டவை. வேண்டுமானால் ஆர்டுயினோவை ஐடிஎஃப்பின் (சிப் தயாரிப்பாளரின் நிரலாக்கக் கட்டமைப்பு) காம்பொனன்டாகச் சேர்த்துத் தொகுக்க வேண்டும்.

புதிதாகச் செய்யும் கருவிகளுக்கு வேறு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். ‘மின்-ஸ்பிஃப்ஸ்’ அட்டவணையில் ஒவ்வொரு ஸ்லாட்டும் 19,66,080 பைட், கோப்பு முறைமைக்கு 128 கேபி. ஒரே பின் கோப்பு இரண்டு அட்டவணையிலும் ஓடும், ஏனென்றால் நிரல் பார்ட்டிஷனைப் பெயரால் தேடுகிறது. அளவு வரம்பை மட்டும் சிறிய ஸ்லாட்டுக்குப் பொருத்தி வையுங்கள்.

ரோல்பேக்கைப் பயன்படுத்துகிறீர்களா? புதிய நிரல் முதல்முறை எழும்போது ‘பெண்டிங் வெரிஃபை’ நிலையில் இருக்கும். அடுத்த ரீபூட்டுக்குள் நிரல் தன்னைச் சரி என்று குறிக்காவிட்டால் பூட்லோடர் பழைய ஸ்லாட்டுக்குத் திரும்பிவிடும். ஆர்டுயினோவில் இதில் ஒரு பொறி இருக்கிறது. கோர், ‘செட்டப்’ தொடங்கும் முன்பே உங்கள் சார்பில் ‘சரி’ என்று குறித்துவிடுகிறது. வைஃபையே எழாத நிரலும் சரியானதாகிவிடும். ‘வெரிஃபை-ரோல்பேக்-லேட்டர்’ என்ற சார்பை நீங்கள் எழுதி, உண்மை என்று திருப்ப வேண்டும். மூலச்சார்பு சி மொழிக் கோப்பில் இருப்பதால் உங்கள் பக்கம் ‘எக்ஸ்டர்ன் சி’ போட மறக்காதீர்கள். மறந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, உங்கள் சார்பு கண்டுகொள்ளப்படாமல் கிடக்கும்.

ஓடிஏ பூட்லோடரை மாற்றுவதில்லை. களத்தில் உள்ள பூட்லோடர் ரோல்பேக் இல்லாமல் தொகுக்கப்பட்டதாக இருந்தால் இவ்வளவு செய்தும் பயனில்லை. புதிய நிரல் முதல் பூட்டில் தன் நிலையைப் படித்து லாக்கில் அனுப்பட்டும். ‘பெண்டிங் வெரிஃபை’ வராத கருவிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டு, அவற்றைக் கடைசித் தொகுதியில் வையுங்கள்.

கம்பியில்லாக்கிளி

வைஃபை கிளை நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது. டிம்மரும் சரியாகிவிட்டது. மின் அளவி ஜிஜிப்பில் 389 கேபி, சோதனைக் கருவியில் ஏறிவிட்டது.

ஈஎஸ்பி32: வலைப்பக்கங்களைச் சுருக்கியபின் 13,07,296. நுழைகிறது, ஆனால் 3,424 பைட்தான் மிச்சம். பிறகு மேப் கோப்பில் ஒரு சென்சார் லைப்ரரி டீபக்குக்காக ‘ஐஓஸ்ட்ரீம்’ இழுப்பது தெரிந்தது. அந்த வரியை நீக்கியதும் 11,26,400.

‘சரி’ என்று எப்போது குறிப்பது? எம்க்யூடிடி புரோக்கரில் (கருவிகளின் செய்திகளைக் கைமாற்றும் சேவையகம்) இணைந்த பிறகு என்று வைக்கலாமா? அமைப்புகள் அழிந்ததற்கும் வழி சொல்லுங்கள்.

பதில் 4: அலைவரிசை

புரோக்கர் வேண்டாம். பயனரின் புரோக்கர் அணைந்திருந்தால் நல்ல நிரலும் பின்வாங்கிவிடும். ‘மறுபடி ஓடிஏ செய்யும் நிலையில் இருக்கிறேனா’ என்பதே சரியான அளவுகோல்: ஐபி கிடைத்ததா, வெளியீட்டு சேவையகத்திலிருந்து மேனிஃபெஸ்ட் கோப்பை (வெளியீட்டின் விவரக்குறிப்பு) படிக்க முடிந்ததா. சற்று முன்தான் அதே வழியாகப் பின் கோப்பு இறங்கியது, ஆகவே வலை இருக்கிறது என்று எதிர்பார்ப்பது நியாயம். 5 நிமிடத்தில் முடியாவிட்டால் ரீபூட். பின்வாங்கிய பழைய நிரல் ‘கடைசியாகத் தோற்ற பார்ட்டிஷன்’ எது என்று கேட்டு, அதில் உள்ள பதிப்பை மறுபடி இறக்காமல் இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் ஒரே பழுதான பதிப்பை இரவு முழுதும் இறக்கி, எழுதி, பின்வாங்கி என்று ஃப்ளாஷைத் தேய்க்கும்.

பதில் 5: இரட்டைஸ்லாட்

அமைப்புகளும் ரோல்பேக்கும் ஒன்றோடொன்று பின்னியவை. அதைத் தனித்தனியாகப் பார்த்ததுதான் உங்கள் இழப்புக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்படி நடந்திருக்கும். புதிய நிரல் எழுந்தது, அமைப்பை 7ஆம் பதிப்பிலிருந்து 8ஆம் பதிப்புக்கு மாற்றி அதே இடத்தில் எழுதியது. வேறு காரணத்தால் பின்வாங்க நேர்ந்தது, அல்லது பயனரே பழைய பின் கோப்பை ஏற்றினார். பழைய நிரலுக்கு 8 தெரியாது. ‘எண் பொருந்தவில்லை’ என்று இயல்பு மதிப்புகளை எழுதியது. வைஃபை கடவுச்சொல்லும் அதில்தான் என்றால் கருவி தொலைந்தது.

ஆகவே, இரண்டு இடம் வையுங்கள். 8266இல் இரண்டு செக்டர், ஈஎஸ்பி32இல் என்விஎஸ்ஸில் (அமைப்புகளுக்கான சேமிப்பிடம்) இரண்டு பெயர்வெளி. ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் மேஜிக் எண், வடிவப் பதிப்பு, நீளம், வரிசை எண், முடிவில் சிஆர்சி32 (பதிவு கெடாததைச் சரிபார்க்கும் எண்). எழுதும்போது எப்போதும் பழைய வரிசை எண் உள்ள இடத்தில் எழுது. படிக்கும்போது சிஆர்சி சரியான, தனக்குத் தெரிந்த பதிப்புகளில் பெரிய வரிசை எண்ணை எடு. மாற்றிய பதிவை இரண்டாம் இடத்தில் எழுதி, நிரல் ‘சரி’ என்று குறிக்கப்படும்வரை முதல் இடத்தைத் தொடாதே. பின்வாங்கினால் பழைய நிரலுக்கு அதன் பதிவு அப்படியே காத்திருக்கும். 8266இன் ஈஈப்ரோம் பாவனைக்கும் இதனால் இன்னொரு நன்மை உண்டு. ‘கமிட்’ ஒவ்வொன்றும் முழு 4096 பைட்டையும் அழித்துவிட்டு எழுதுகிறது. இடையில் மின்சாரம் போனால் ஒற்றைப் பிரதி காலி.

ஸ்ட்ரக்டில் நடுவே புலம் சேர்க்காதீர்கள். கடைசியில் மட்டும் சேருங்கள். நீக்கிய புலத்தின் இடத்தை ‘ஒதுக்கியது’ என்று விட்டுவையுங்கள். அளவு தெளிவான எண் வகைகளையே பயன்படுத்தி, ஒவ்வொரு புலத்தின் ஆஃப்செட்டையும் தொகுக்கும்போதே சரிபார்க்கும் ‘ஸ்டாட்டிக் அசெர்ட்’ எழுதுங்கள். மாற்றும் சார்புகள் ஒவ்வொரு படியாக இருக்கட்டும், 5லிருந்து 6, 6லிருந்து 7, 7லிருந்து 8. இரண்டு ஆண்டு அணைந்து கிடந்த கருவி ஒன்று எழுந்தால், மூன்றும் வரிசையாக ஓடும். பழைய படிகளை ‘இனி யார் பயன்படுத்துவார்’ என்று நீக்க வேண்டாம், சில நூறு பைட்தான்.

ஈஎஸ்பி32இல் இன்னொன்றைத் தேடிப் பாருங்கள். ஐடிஎஃப் எடுத்துக்காட்டுகளில், என்விஎஸ் தொடங்கும்போது ‘வெற்றுப் பக்கம் இல்லை’ அல்லது ‘புதிய பதிப்பு கண்டேன்’ என்று பிழை வந்தால் முழு என்விஎஸ்ஸையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கும் நாலு வரி இருக்கும். எல்லோரும் அதை நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். எடுத்துக்காட்டுக்கு அது பொருந்தும், களத்தில் ஓடும் கருவிக்கு அது அமைப்பை அழிக்கும் பொத்தான். அந்த இடத்தில் அழிக்காமல் சேஃப் மோடுக்குப் போங்கள். என்விஎஸ் சாவிப் பெயர் 15 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பதையும் கவனியுங்கள். மீறினால் எழுதும் சார்பு பிழை திருப்பும், அதைப் பார்க்காத நிரல் சேமித்துவிட்டதாகவே நினைக்கும்.

பதில் 6: மேப்கோப்பு

குறியீட்டுக்கு வெளியே உள்ளதைப் பற்றிக் கொஞ்சம்.

ஒவ்வொரு வெளியீட்டின் ஈஎல்எஃப் (முகவரி எந்த வரி என்று காட்டும் தொகுப்புக் கோப்பு), மேப் கோப்புகளைப் பின் கோப்போடு சேர்த்து நிரந்தரமாக வையுங்கள். பயனர் அனுப்பும் கிராஷ் லாக்கில் வெறும் முகவரிகள்தான் இருக்கும். அதே தொகுப்பின் ஈஎல்எஃப் இல்லாமல் அவை எந்த வரி என்று சொல்ல முடியாது, மறுபடி தொகுத்தால் முகவரிகள் நகர்ந்துவிடும். கோர், லைப்ரரி, கம்பைலர் எல்லாவற்றின் பதிப்பையும் துல்லியமான எண்ணில் பூட்டுங்கள். ‘இதற்கு மேல் எதுவும்’ என்ற குறி ஒன்றுகூட இருக்கக்கூடாது. தொகுத்த தேதியை நிரலுக்குள் பதிக்கும் மேக்ரோக்களை நீக்கிவிட்டு கமிட் அடையாளத்தை (மூலநிரலின் எந்த நிலை என்ற குறி) பதியுங்கள். அப்போது வேறொருவர் தொகுத்துப் பார்த்து ஒப்பிட முடியும்.

தானியங்கித் தொகுப்பில் அளவு வரம்பு வையுங்கள்: ஈஎஸ்பி32க்கு 12,45,184 பைட், அதாவது ஸ்லாட்டின் 95 சதவீதம். 8266க்கு முந்தைய வெளியீட்டின் அளவையும் ஜிஜிப் அளவையும் கூட்டி 940 கேபிக்குள். தாண்டினால் இணைப்புக் கோரிக்கை நிற்க வேண்டும். உங்களுக்கு 13,42,208 என்ற எண் வெளியீட்டு நாளில் தெரிந்திருக்கிறது. அது அந்த ‘ஐஓஸ்ட்ரீம்’ வரி நுழைந்த அன்றே தெரிந்திருக்க வேண்டிய எண்.

மேனிஃபெஸ்டில் சிப் பெயர், ஃப்ளாஷ் அளவு, பார்ட்டிஷன் வகை, ‘இந்தப் பதிப்பிலிருந்துதான் வரலாம்’ என்ற குறைந்தபட்ச எண், எஸ்எச்ஏ-256 (கோப்பின் சரிபார்ப்புக் குறி) எல்லாம் இருக்கட்டும். ஈஎஸ்பி32 படத் தலைப்பில் சிப் அடையாளம் உண்டு, ஈஎஸ்பி32-சி3க்கு உரியதை ஈஎஸ்பி32-எஸ்3இல் போட்டால் மறுக்கும். 8266 முதல் பைட் ஹெக்ஸ் ஈ9 தானா என்று பார்க்கும், ஆனால் ஈஎஸ்பி32 கோப்பும் அதே பைட்டில்தான் தொடங்குகிறது. அங்கே உங்கள் மேனிஃபெஸ்ட்தான் காவல்.

படிப்படியாக விடுவதற்கு சேவையகத்தில் கணக்கு எதுவும் வைக்க வேண்டாம். கருவி தன் மேக் முகவரியையும் பதிப்பு எண்ணையும் சேர்த்து ஹாஷ் செய்து 100ஆல் வகுத்த மீதியை எடுக்கட்டும். மேனிஃபெஸ்டில் உள்ள சதவீதத்தைவிட அது சிறிதாக இருந்தால் இறக்கட்டும். 2, 10, 40, 100 என்று கூட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது இரண்டு நாள். பதிப்பு எண்ணையும் சேர்ப்பது, எப்போதும் அதே கருவிகள் முதலில் அடிபடாமல் இருக்க.

கையொப்பமிட்டால் பொதுச்சாவி இரண்டை நிரலில் வையுங்கள். ஒன்று அன்றாடத்துக்கு, இன்னொன்றின் தனிச்சாவி இணையம் தொடாத இடத்தில். ஒரே சாவி வைத்து அது தொலைந்தால் களத்தில் உள்ள ஒரு கருவிக்கும் இனி எதுவும் அனுப்ப முடியாது. அதே சமயம், பயனர் தானே தொகுத்ததை ஏற்ற வழி விடுங்கள், பொத்தானை அழுத்திக்கொண்டு எழுப்பினால் கையொப்பம் கேட்காது என்பதுபோல. ஜிபிஎல் 3 உரிமத்தில் இருந்தால், நுகர்வோர் கருவியில் மாற்றிய நிரலை நிறுவத் தேவையான தகவலைத் தருவது, அதை விற்பவரின் கடமையும்கூட.

சான்றிதழும் நேரமும்: லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழ் உள்ள சேவையகம் என்றால் சான்றிதழின் கைரேகையைப் பதிக்காதீர்கள், சில மாதங்களுக்குள் அது மாறிவிடும். ரூட்டைப் பதியுங்கள். 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 காலாவதியானபோது அதை மட்டும் நம்பியிருந்த பழைய கருவிகள் வெளியே நின்றன. ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1, 2035 ஜூன் வரை. அதோடு இன்னொரு ரூட்டும் இருக்கட்டும். டிஎல்எஸ்ஸுக்கு (மறைகுறியாக்கிய இணைப்பு) முன் என்டிபி (இணையத்திலிருந்து நேரம் பெறும் முறை) நேரம் வந்திருக்க வேண்டும், 1970இல் நிற்கும் கடிகாரத்துக்கு எந்தச் சான்றிதழும் செல்லாது.

என்டிபிக்கு யாருடைய சேவையகத்தின் ஐபியையும் பதிக்க வேண்டாம். 2003இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நேர சேவையகத்தை ரூட்டர்கள் மூழ்கடித்தது இப்படித்தான். முகவரி ஃபர்ம்வேரில் பதிந்திருந்தது, பதில் வராவிட்டால் நொடிக்கு ஒருமுறை மறுபடி கேட்டன. என்டிபி பூல் திட்டத்தில் உங்கள் ஃபர்ம்வேருக்கென்று தனி மண்டலப் பெயர் கேட்டு வாங்குங்கள். எல்லா மறுமுயற்சியிலும், என்டிபி, எம்க்யூடிடி, மேனிஃபெஸ்ட் மூன்றிலும், இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், மேலே ஒரு சீரற்ற பங்கைச் சேருங்கள். மின்சாரம் போய் வரும்போது எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில்தான் எழும்.

கம்பியில்லாக்கிளி

வரிசை இப்படி முடிவு செய்திருக்கிறோம். முதல் வெளியீட்டில் கோர் மாற்றம், வைஃபை விவரத்தை இடம்மாற்றுதல், இரண்டு இட அமைப்புப் பதிவு மட்டும். ரோல்பேக் சோதனையும் பூட் எண்ணியும் அதிலேயே. புதிய வசதிகள் அடுத்ததில். ஒரு ஐயம்: வெளியிடும் முன் எத்தனை முறை ஓடிஏ சோதித்தால் போதும்?

பதில் 7: செக்டர்4096

எத்தனை முறை என்பதைவிட எங்கே மின்சாரத்தை வெட்டுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். சோதனைக் கருவியின் மின்வழியில் ஒரு ரிலே போட்டு, இன்னொரு போர்டால் அதை இயக்குங்கள். இறங்கும்போது, இறங்கி முடிந்து ரீபூட்டுக்கு இடையில், முதல் பூட்டில் அமைப்பு எழுதும் தருணத்தில், ‘சரி’ என்று குறிக்கும் முன் என நான்கு இடங்கள், ஒவ்வொன்றிலும் சீரற்ற நேரத்தில் 50 வெட்டு. ஒவ்வொரு முறையும் களத்தில் உள்ள மிகப் பழைய பதிப்பிலிருந்தே தொடங்குங்கள், நேற்றைய பதிப்பிலிருந்து அல்ல. ஈஎஸ்பி32 200இலும் திரும்பி வர வேண்டும், அமைப்பும் அப்படியே இருக்க வேண்டும். 8266இல் ஈபூட் நகலெடுக்கும் நேரத்தில் விழும் வெட்டுகள் மட்டும் கருவியைக் கவிழ்க்கும். அவற்றைத் தனியே எண்ணி, அந்தச் சில நொடிகள் எவ்வளவு என்று அளந்து, வெளியீட்டுக் குறிப்பில் ‘புதுப்பிக்கும்போது இத்தனை நொடி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம்’ என்று எண்ணோடு எழுதுங்கள்.